கோணியும் ஐஸ்கட்டியும்

ஊர் எதுவானால் என்ன, அது ஒரு மீன் கடை. மேரி புது ஐஸ்கட்டியைப் பலகையில் வைத்து, பழைய கோணியால் போர்த்திவிட்டு மீன் எடுக்கப் போனாள். அவள் வரும்வரை ஐஸ்கட்டி உருகாமல் இருக்க வேண்டும். அதன் வேலை அவ்வளவுதான்.

"யோவ், எந்திரி. போர்த்தினா சூடாகாதா?" என்றது ஐஸ்கட்டி.

"சூடு வெளியில இருக்கு தம்பி. அதைத்தான் உள்ள விடாம தடுக்கிறேன்" என்றது கோணி. தினம் ஒரு ஐஸ்கட்டிக்கு இதைச் சொல்லி அதற்கு அலுத்துவிட்டது.

"நாத்தம் புடிச்ச கோணி, எனக்குப் பாடம் எடுக்குது! தள்ளு, என் மூலையை நாலு பேர் பார்க்கட்டும்."

பலகைக்குக் கீழே வாளியில் தண்ணீர் கிடந்தது. "சொன்னா கேளு. நேத்து எனக்கும் மூலை இருந்துச்சு" என்றது.

"உனக்கா? வாளியில ஊத்தினா வாளி, குடத்துல ஊத்தினா குடம். உனக்கு ஏது மூலை?"

ஐஸ்கட்டி குலுங்கிக் குலுங்கிச் சிரித்தது. கோணி சரிந்து விழுந்தது. வெயில் நேராக ஐஸ்கட்டி மேல் இறங்கியது. அது சொட்டுச் சொட்டாக முழுசும் வாளிக்குள் போய்ச் சேர்ந்தது.

மதியம் மேரி மீன் கூடையோடு வந்தாள். பலகையில் வெறும் ஈரம். "ஒண்ணுத்துக்கும் உதவாத கோணி" என்று அதை எட்டி உதைத்தாள்.

"ஐயோ, தப்பு என்னோடது. அவங்ககிட்ட சொல்லணும்" என்றது வாளிக்குள் புதுத் தண்ணீர்.

"அவளுக்குக் கேக்காது. நாளைக்கு வர்றவன்கிட்ட சொல்லு" என்றது பழைய தண்ணீர்.

"அவன் கேப்பானா?"

"நீ கேட்டியா?"