கழற்றி எடுக்கும் சாய்தளம்

“கழட்டி எடுக்கற மாதிரியே போடு. வரி நான் கட்டிக்கறேன்” என்றார் எல்மர்.

கார்மைனுக்குக் காதில் விழுந்தது சரிதானா என்று சந்தேகம். காலையிலிருந்து இந்தக் கிழவர் மரத்துக்குப் பேரம், கூலிக்குப் பேரம், வண்டி பெட்ரோலுக்குக்கூடப் பேரம் என்று உயிரை எடுத்துக்கொண்டிருந்தார். எல்மரிடம் வேலை செய்து லாபம் பார்த்த கான்ட்ராக்டர் யூட்டிகா ஊரில் இன்னும் பிறக்கவில்லை என்பார்கள்.

“நான் சொன்னது புரியலையா?” என்றான் கார்மைன். “மறுபடி சொல்றேன். காங்கிரீட் கால் போட்டு, வீட்டோட சேர்த்து, இனிமே எடுக்கவே போறதில்லைன்னு கட்டினா, அது வீட்டுல சேர்ந்த சொத்து. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டாப் போதும். நான் உங்ககிட்ட விற்பனை வரி வாங்கக் கூடாது. அதுதான் இந்த மாநிலத்துச் சட்டம். கொஞ்ச நாள் வெச்சிருந்து கழட்டப் போற சாமான்னா, மரம், கூலி எல்லாத்துக்கும் சேர்த்து எட்டே முக்கால் பர்சென்ட்.”

“புரிஞ்சுது. கழட்டற மாதிரி போடு.”

“என் கூலியில பத்து டாலருக்கு அவ்வளவு சண்டை போட்டீங்க. கவர்ன்மென்ட்டுக்கு மட்டும் சும்மா தூக்கிக் குடுப்பீங்களா?”

“உன் கூலி வேற. இது வேற.”

காபிக் கோப்பையோடு வாசலில் நின்ற மெர்னா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். எல்மரின் மனைவி லொரெய்னுக்குத் தங்கை. லொரெய்ன் பக்கவாதத்தில் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாள். வெள்ளிக்கிழமை சக்கர நாற்காலியில் வீடு திரும்புகிறாள். வாசல் படிமேல் அவளை ஏற்றத்தான் இந்தச் சாய்தளம்.

“கொஞ்ச நாளைக்கா?” என்றாள் மெர்னா. “எத்தனை நாள்னு கணக்குப் போட்டு வெச்சிருக்க, எல்மர்?”

அவர் குனிந்து பலகைகளை எண்ணத் தொடங்கினார்.

“அக்கா இன்னும் வீடு வந்து சேரலை. அதுக்குள்ள அவ போனதும் வாசலைத் துடைச்சிட்டு வீட்டை விக்கறதுக்கு ஏற்பாடு. வாசல்ல ரேம்ப் நின்னா வாங்க வர்றவன் மூஞ்சியைச் சுளிப்பான், இல்லையா?”

“காபி ஆறுது மெர்னா. உள்ள போ.”

கார்மைனுக்குச் சுருக்கென்று கோபம் ஏறியது.

“இத பாருங்க எல்மர். போல்ட் அடிச்ச பலகை இந்த ஊர்ப் பனிக்கு ரெண்டு குளிர்காலத்துல ஆட ஆரம்பிச்சிடும். காங்கிரீட் கால்னா நமக்கப்புறமும் நிக்கும். போய்த் தொலையுது, கூலியில நானே ஒரு நூறு குறைச்சுக்கறேன். கெட்டியாப் போட்டுடலாம்.”

கேட்காமலே அவன் விலையைக் குறைத்தது தொழிலுக்கு வந்தபின் அதுதான் முதல் தடவை.

“குறைச்சதுக்கு நன்றி” என்றார் எல்மர். “அந்த விலைக்கே கழட்டற மாதிரி போடு.”

“நீங்க எல்லாம் மனுஷனா?”

“பில்லுல வரியைத் தனியாக் காட்டு. எழுத்து பெரிசா இருக்கட்டும்.”

ஒவ்வொரு போல்ட்டையும் எல்மரின் மண்டையில் இறக்குவதுபோல் இறக்கி முடித்தான் கார்மைன்.

வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரி வண்டி வந்து நின்றது. லொரெய்னின் முகம் ஒரு பக்கம் தொங்கியிருந்தது. வலது கை மடியில் செத்துக் கிடந்தது. வீட்டையோ, தங்கையையோ அவள் பார்க்கவில்லை. சாய்தளத்தைப் பார்த்தாள். அதன் கால்கள் மண்ணில் ஊன்றும் இடத்தைப் பார்த்தாள்.

“பில்லு” என்றாள் குழறலாக.

“இப்ப எதுக்குக்கா அதெல்லாம்?” என்றாள் மெர்னா.

லொரெய்ன் இடது கையை நீட்டியபடியே இருந்தாள். கார்மைன் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தான். விரல் மரத்தைத் தாண்டியது, போல்ட்டைத் தாண்டியது, கூலியைத் தாண்டியது, அடியில் வந்து நின்றது. எட்டே முக்கால்.

உதட்டின் உயிருள்ள பாதி மட்டும் அசைந்தது. சிரிப்புதான். பில்லை மடியில் வைத்துக்கொண்டு, “ஏத்துங்க” என்றாள்.

மெர்னா நாற்காலியைத் தள்ளிக்கொண்டு மேலேறினாள். போகிறபோக்கில், “திருப்தியா?” என்று எல்மரைக் கேட்டுவிட்டுப் போனாள்.

எல்மர் செக்கை எழுதிக் கொடுத்தார். கார்மைன் வாங்கி மடித்துக்கொண்டே, “எப்ப கழட்டணும்னு சொல்லி அனுப்புங்க. காரியம் முடிஞ்ச மறுநாளே வர்றேன்” என்றான். குத்தத்தான் சொன்னான்.

“கழட்ட வேண்டியிருக்காது. கால் இனிமே வராதுன்னு டாக்டர் சொல்லிட்டார். இருக்கற வரைக்கும் நாற்காலிதான்.”

“அப்ப இது எடுக்கவே போறதில்ல. சட்டப்படி உங்களுக்கு வரியே கிடையாதே.”

“தெரியும்.”

“தெரிஞ்சேவா?”

“கோடைக்குள்ள எழுந்து நடந்துடுவன்னு அவகிட்ட சொல்லி வெச்சிருக்கேன்.”

கார்மைன் செக்கைப் பைக்குள் வைத்தான். “மெர்னாகிட்டயாவது விஷயத்தைச் சொல்லியிருக்கலாமே. அந்தம்மா உங்களைக் கிழிச்சுத் தொங்கவிடுது.”

“சொன்னா அழுவா. மூஞ்சியைப் பாத்தே அக்கா கண்டுபிடிச்சிடுவா. திட்டிட்டே இருக்கட்டும்.”

எல்மர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார்.

“லொரெய்ன் ரிட்டயர் ஆகற வரைக்கும் ஒரு கட்டட கம்பெனியில பில் போட்டவ. என் வாயை அவ நம்ப மாட்டா, தம்பி. வரி போட்ட பில்லைத்தான் நம்புவா.”