ஐந்து அடுப்பு

ஒரு தெருவில் ஐந்து அடுப்பாவது எரியவேண்டும். வானத்திலிருந்து பார்க்கும் கண்ணுக்கு அடுப்புச் சூடுதான் கணக்கு. ஐந்துக்குக் குறைந்தால், புயலுக்கு முன் ஆட்களை ஏற்றிப்போகும் புயல் வண்டி அந்தத் தெருவுக்கு வராது.

கீழத்தெருவில் மிச்சம் பவுனம்மாள் ஒருத்திதான். ஊரைவிட்டுப் போன நான்கு வீட்டாரும் வழக்கம்போல அவளிடம்தான் சாவியைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்கள். மூன்று வருடமாகத் தினமும் காலையில் அந்த வீடுகளைத் திறந்து, விறகு மூட்டி, வெறும் தண்ணீரைக் கொதிக்கவைத்துக் கொட்டினாள். வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அடுத்த ஊரில் வரிசையாகப் புகை எழும். அங்கேயாவது குடித்தனம் இருக்கிறதே என்று கொஞ்சம் பொறாமையாகக்கூட இருக்கும்.

புயல் அறிவித்த மதியம், ஓட்டுநர் இல்லாத பெரிய வண்டி தெருமுனையில் வந்து நின்றது. அவல் பையும் ரேஷன் கார்டுமாக ஏறினாள்.

"மற்றவர்களும் ஏறவும்" என்று வண்டி மூன்று தடவை கூப்பிட்டது. யாரோ ஓடி வரப்போகிறார்கள் என்பதுபோல அவளும் வெளியே பார்த்தாள். கதவு மூடிக்கொண்டது.

நாற்பது இருக்கை. கடைசி வரிசையில் ஒரே ஒருவர், அடுத்த ஊர் ராயப்பன். அவர் இடுப்பிலும் ஒரு சாவிக்கொத்து தொங்கியது.

அவள் அதையே பார்த்தாள்.

"உங்களுக்கு எத்தன அடுப்புண்ணே?"

"ஏழும்மா" என்றவர், அவள் இடுப்பில் இருந்த சாவிகளைக் கவனித்தார். "உங்க தெருப் பொகையப் பாத்துட்டு, அங்கயாச்சும் ஜனம் இருக்குன்னுல்ல நெனச்சுக்கிட்டிருந்தேன்."