நாரை பார்வையிட வரும் நாள்

புயல் மழையில் ஏரிக்கரை ஓரிடத்தில் உடைந்தது. ஒரு மணல்மூட்டை அந்த உடைப்பில் இறுக்கமாக உட்கார்ந்து தண்ணீரை நிறுத்தியது.

“கொஞ்சம் எழுந்து தள்ளி நில்லு,” என்றது கரை. “நிவாரண நிதிக்கு மனு போட்டிருக்கேன். நாரை அதிகாரி பார்வையிட வர்றார். உன்னைப் பார்த்தா, சேதமே இல்லைன்னு எழுதிட்டுப் போயிடுவார்.”

“மேற்கே கறுத்துக்கிட்டு வருதே!” மூட்டைக்கு இருப்புக் கொள்ளவில்லை.

“அஞ்சு நிமிஷந்தான். அவர் பார்த்ததும் திரும்ப உட்கார்ந்துக்கோ.”

மூட்டை தள்ளி நின்றது. வானத்தையும் பாதையையும் மாறி மாறிப் பார்த்தது. நாரை வரவில்லை, மழை வந்தது.

மறுநாள், வயல் சேற்றில் கிடந்த மூட்டையின் அருகில் நாரை வந்து இறங்கியது.

“சேதம் பலமாத்தான் இருக்கு,” என்று எழுதிக்கொண்டது. “ஒரு கையெழுத்து வேணும். மனு போட்ட கரை எங்கே?”