சுருதி சுத்தம்

“நேத்தைவிட இன்னும் சத்தமா வெச்சிருக்கீங்களே! பக்கத்து வீட்டு பெலென் அக்கா சாமியாடுறா” என்று கணவர் கிரிசாந்தோவின் முகத்துக்கு நேரே வந்து நின்றாள் லூர்தீத்தா.

“சத்தமில்லாம சுருதி எப்படிடி தெரியும்? போடி!”

செபு நகர ஹோட்டல்களில் முப்பது வருஷம் அவர் கிதாரோடு தூக்கித் திரிந்த குட்டி ஆம்ப்ளிஃபயர்தான் இப்போது கம்ப்யூட்டருக்கு ஸ்பீக்கர்.

திரையில் மகள் ரொவேனாவின் பாட்டு வந்து விழுந்தது. கூடவே ஒரு வரி: “அப்பா, நாளைக்கு மக்காவ் ஹோட்டல் தேர்வுல இதைத்தான் பாடணும். தப்பிருந்தா சொல்லுங்க.”

லூர்தீத்தா எரிச்சலோடு ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் குனிந்தாள். அவர் பாட்டைப் போட்டார். காலால் தாளம் தட்டினார். திரையில் பாட்டின் நேரம் காட்டும் கோடு ஓடி முடிந்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு தட்டச்சினார்: “சுருதி சுத்தம். ஒரு குறையும் இல்லடா கண்ணு.”

“நீங்க சொன்னா போதும்ப்பா. மாத்தாம அப்படியே பாடிடறேன்.”

பாட்டு தொடங்கும் முன்பே பிடுங்கிய ஆம்ப்ளிஃபயர் வயர் லூர்தீத்தாவின் கையில் இருந்தது.

“ஏங்க...” என்று பின்னாலிருந்து கூப்பிட்டாள். பிறகு கத்தினாள்.

அவர் திரும்பவில்லை. பாட்டை மறுபடியும் முதலிலிருந்து போட்டார்.