பதினொரு சீட்டு

"இன்னும் ஒண்ணுகூட ஒட்டலையா?"

நிரல் எழுதுகிறவர் சுவர்க்கடிகாரத்தைப் பார்த்தார். தொட்டில்களில் ஒட்டச் சொல்லிச் சீட்டுகளைக் கொடுத்து இருபத்திரண்டு நிமிடம் ஆகிவிட்டது. நர்ஸ் பெண்ணோ தொட்டில் தொட்டிலாகப் போய்க் குழந்தைகளைத் தூக்கித் தராசில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, எடையெல்லாம் காலையிலேயே கம்ப்யூட்டருக்கு வந்தாச்சு. மருந்து அளவோட சீட்டிலேயே இருக்கு. மறுபடி எதுக்கு?"

"இதோ, முடிச்சுட்டேன் சார்."

அவருக்கு எரிச்சல். இந்தச் சீட்டுக்காக அவர் பட்ட பாடு இவளுக்கு என்ன தெரியும்?

இந்த ஐரோப்பிய நாட்டு ஆஸ்பத்திரிக்காகச் சி என்ற கணினி மொழியில் அவர் எழுதிய நிரல், உள்ளூர் எழுத்திலிருந்த தாய்மார் பெயர்களைக் கேள்விக்குறிகளாகவே அச்சடித்துவந்தது. "இந்த வாரத்துக்குள்ள சரியாகலேன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்" என்று பெரிய டாக்டர் கறாராகச் சொல்லிவிட்டார்.

ஆறு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு நேற்றுதான் கண்டுபிடித்தார். ஒரே ஒரு வரி. 'இனி எல்லாவற்றிலும் இந்த நாட்டு வழக்கப்படி நட' என்று நிரலுக்குச் சொல்லும் வரி. அதைச் சேர்த்ததும் பதினொரு தாய்மாரின் பெயர்களும் பளிச்சென்று வந்து நின்றன. அவர் திரும்பத் திரும்பப் படித்துப் பூரித்துப்போனார்.

பெரிய டாக்டர் உள்ளே வந்தார். "என்ன தாமதம்? மருந்து கொடுக்கிற நேரமாச்சே."

நிரல் எழுதுகிறவர் முந்திக்கொண்டார். "என் வேலை முடிஞ்சுது டாக்டர். இந்தப் பொண்ணுதான்..."

அவள் இருவரையும் ஒருமுறை பார்த்தாள்.

"மன்னிச்சுக்குங்க டாக்டர். கண்ணாடியை வீட்டிலேயே வச்சுட்டு வந்துட்டேன். சீட்டு மங்கலாத் தெரியுது. சார், நீங்க கொஞ்சம் வாசிக்கிறீங்களா? எடையை மட்டும் வாசிச்சாப் போதும்."

டாக்டர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார்.

'இந்த வயசிலேயே கண் போச்சா! எந்நேரமும் செல்போனே கதின்னு கிடந்தா?' என்று மனசுக்குள் முணுமுணுத்தபடி அவர் வாசித்தார்.

"மூணு கமா சைபர். ரெண்டு கமா சைபர். மூணு கமா சைபர்." நாலாவது, குறைமாதக் குழந்தை. "ஒண்ணு கமா..."

அதிலும் சைபர். மிச்சம் ஏழு சீட்டையும் புரட்டினார். எல்லாம் சைபர். பதினொரு குழந்தையும் முழுக் கிலோவாகவா பிறக்கும்?

'எல்லாவற்றிலும்' என்றால் எண்ணிலும்தானே! இந்த நாட்டு வழக்கத்தில் தசமப் புள்ளிக்குப் பதில் கமா. தராசு அனுப்புவதோ புள்ளி. 1.9 என்று வந்ததில் ஒன்றைப் படித்த நிரல், புள்ளியைக் கண்டதும் அங்கேயே நின்றுவிட்டது. அந்தக் குழந்தைக்குப் பாதி மருந்துதான் போயிருக்கும்.

"டாக்டர்... தப்பு என்னோடது. ஒரு சீட்டும் ஒட்ட வேண்டாம். அஞ்சு நிமிஷம் கொடுங்க."

ஓடிப்போய் 'எல்லாவற்றிலும்' என்பதை 'எழுத்தில் மட்டும்' என்று மாற்றினார். புதுச் சீட்டுகள் வந்தன. பெயரும் சரி, எடையும் சரி.

டாக்டர் அவர் தோளில் தட்டினார். "நீங்களே கண்டுபிடிச்சு நீங்களே சொன்னீங்க பாருங்க, அது போதும். இனி வேற ஆள் எதுக்கு?"

டாக்டர் போனதும், அவர் புதுச் சீட்டுகளோடு நர்ஸிடம் வந்தார்.

அவள் ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியை உயர்த்தி, அதிலிருந்த மயிரிழைக் கோடுவரை மருந்தை இறக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தட்டில் பழைய சீட்டுகள் கவிழ்ந்து கிடந்தன. ஒவ்வொன்றின் முதுகிலும் பென்சிலில், கடுகு கடுகாக ஓர் எடை.

கையிலிருந்த சீட்டுகளோடு ஒத்துப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று... பதினொன்றும் அச்சு அசலாக அதே எடை.

"ஏம்மா..." "உன் கண்ணாடி...?"

"நான் எப்ப சார் கண்ணாடி போட்டேன்?" என்றாள், ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.