திரும்பி வருவேன் என்ற கட்டம்

“மார்ச் 9. அப்பாவின் புறப்பாட்டு அட்டையை நானே நிரப்பியிருக்க வேண்டும். அவரிடமே விட்டது என் பிழை.” நகோயா விமான நிலைய வரிசையில் நின்றபடியே தமிரிஸ் தன் மாலை வகுப்பு நோட்டில் எழுதுகிறாள். முன்னால், வெளிறிய விளக்கொளியில், அப்பா எவரால்டோ. பிரேசிலில் சாகக் கிடக்கும் தன் அண்ணனைப் பார்க்க அவளோடு போகிறார். அட்டையில் ‘திரும்பி வருவேன்’ என்ற கட்டம் வெறுமையாக இருக்கிறது. குறியில்லாமல் முத்திரை விழுந்தால் ஜப்பானில் அவருடைய நிரந்தர வசிப்புரிமை போய்விடும். அதிகாரி பேனா முனையால் கட்டத்தைத் தட்டுகிறார். “திரும்பி வருவீங்களா?” “கடவுள் நினைச்சா வருவேன்.” தெருமுனைக் கடைக்குப் போகும்போதும் அவர் இதையேதான் சொல்வார். அதிகாரி மறுபடி கேட்கிறார். அப்பா கூரையை நோக்கிக் கை காட்டுகிறார். முத்திரை அந்தரத்தில் நிற்கிறது. “ஆமான்னு சொல்லுங்கப்பா!” “போறப்பவே வருவேன்னு அடிச்சுச் சொல்லக் கூடாதும்மா. மேல இருக்கறவர் கேட்டுட்டிருக்கார்.” “அவருக்கு இங்க விசா கிடையாது. நீங்க குறியைப் போடுங்க.” பின்னால் யாரோ இருமுகிறார்கள். அப்பா நெஞ்சில் சிலுவை வரைந்துகொள்கிறார். பிறகு கட்டத்தின் ஓரத்தில், யார் கண்ணிலும் படக் கூடாது என்பதுபோல், மிகச் சிறிய குறி ஒன்றைப் போடுகிறார். முத்திரை விழுகிறது. தமிரிஸ் நோட்டை மறுபடி திறக்கிறாள். “நாளை: இறங்கியதும் முதலில் பெரியப்பாவைப் பார்க்க வேண்டும். திரும்பும் டிக்கெட்டுகள் என் பையிலேயே இருக்க வேண்டும்.”