பட்டாளம் எங்கே?

அபாயக் கொம்பை ஊதி ஊதியே ஊதுகிறவனின் கன்னம் வீங்கிவிட்டது. கண்டிப் பட்டாளத்தின் மைதானத்துக்கு ஓடி வந்தவர்கள் மூன்றே பேர். ஒரு சமையல்காரன், காய்ச்சலில் கம்பளி போர்த்திய ஒரு சிப்பாய், என்ன சத்தம் என்று எட்டிப் பார்க்க வந்த வண்ணான்.

வேடிக்கை பார்க்க நின்ற ஊர்க் கூட்டத்தின் பின்னால் இருந்த ஹபீல் நானா, முகத்தைத் துடைத்துக்கொண்டு மெதுவாக வாசல் பக்கம் நகர்ந்தார்.

"அந்த ஆளைப் பிடியுங்கள்!" என்று கத்தினார் டன்மோர் துரை.

டன்மோர் துரை கொழும்புச் சட்டநிரூபண சபையின் உறுப்பினர். இராணுவத்துக்கு எதற்கு இவ்வளவு செலவு என்று சபையில் மேசையைத் தட்டிக் கேட்டு, விசாரணைக் குழுவுக்குத் தலைவராகிக் கண்டிக்கு வந்திருந்தார். ஹபீல், அந்தப் பட்டாளத்துக்குச் சாப்பாடு போடும் கொந்தராத்துக்காரர்.

சற்று நேரத்தில் விசாரணை மண்டபம் நிரம்பி வழிந்தது. முன்வரிசைக் கதிரைகளில் சுற்றுவட்டாரக் காப்பித் தோட்டத் துரைமார். ஓரத்தில் கொழும்பிலிருந்து வந்த இரண்டு பத்திரிகைக்காரர்கள். ஜன்னலுக்கு வெளியே ஹந்தானை மலை மூடுபனிக்குள் ஒளிந்திருந்தது. ஹபீலுக்கும் அப்படி ஒளிந்துகொள்ளத்தான் ஆசை.

"துப்பாக்கி அறையைப் பார்த்தோம்," என்று தொடங்கினார் டன்மோர். "துப்பாக்கிகள் சரியாக இருக்கின்றன. அரண் கட்ட வாங்கிய சாக்குகளைக் காணோம். சிப்பாய்களையும் காணோம். கப்டன், எங்கே உமது பட்டாளம்?"

இளம் கப்டன் துரையைப் பார்த்து ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

"கண்ணில் தூசியா?"

கப்டன் எழுந்து போய்த் துரையின் காதருகே குனிந்தார். "நம் இருவருக்கும் தெரிந்த விஷயத்தை இத்தனை பேர் முன்னால் பேச வேண்டுமா, ஐயா?"

டன்மோருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. "என்னையே பங்காளியாக்கப் பார்க்கிறான்! அதையும் எழுதுங்கள்!"

பத்திரிகைக்காரர்கள் விழுந்து விழுந்து எழுதினார்கள். கப்டன் திகைத்துப்போய்த் தன் கதிரையில் விழுந்தார்.

டன்மோர் முன்வரிசைப் பக்கம் திரும்பினார். "ஆட்களை நடத்தத் தெரிய வேண்டும், கனவான்களே. வடக்குப் பாதையில் கொள்ளைநோய் வந்து, இந்த வருஷம் இந்தியாவிலிருந்து கூலிகள் வரவில்லை. உங்கள் தோட்டங்களில் பழம் கொட்டி அழுகுகிறது. நான் கொழும்பில் இருந்துகொண்டே ஒரு மனேஜரை வைத்து நடத்துகிறேன், தெல்தோட்டையில் என் தோட்டத்தில் ஒரு பழம் கீழே விழவில்லை!"

துரைமார் பொறாமையில் மீசையைக் கடித்தார்கள். அடுத்து ஹபீலைக் கூப்பிட்டார்கள்.

மொழிபெயர்க்க நின்ற யாழ்ப்பாணத்து மயில்வாகன முதலியாரின் பக்கம் ஹபீல் ஒதுங்கினார்.

"மொதலியார், பட்டாளம் எங்கேண்டு மட்டும் எனக்கிட்டக் கேக்க வாணாம்னு செல்லுங்களேன்."

"நான் என்ன செய்யிறது, நானா? கேக்கிறது அவர். திருப்பிச் சொல்லுறது மட்டும்தான் என்ர வேலை."

"செல்லாதீங்கண்டு கப்டன் கையப் புடிச்சிக் கெஞ்சினார். செல்லிட்டா கொந்தராத்தும் போகும், இந்த ஊர்ல இருக்கவும் ஏலாது."

"சொல்லாட்டி உம்மைப் பிடிச்சு மறியலில போட்டிடுவினம், நானா."

டன்மோர் மேசையைத் தட்டினார். "தினமும் மாட்டு வண்டியில் சோறு போகிறது. தின்ன ஆள் இல்லை. அப்படியென்றால் இந்தப் பட்டாளம் காகிதத்தில் மட்டும்தான் இருக்கிறது. இல்லாத சிப்பாய்க்குச் சோறு போட்டதாகச் சொல்லி அரசாங்கத்தைக் கொள்ளையடித்தவன் இவன்!"

மயில்வாகனம் அதைத் தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார். 'கொள்ளை' என்ற சொல்லைக் கேட்டதும் ஹபீலின் முகம் மாறியது. ஜன்னலுக்கு வெளியே நின்ற கடைவீதிக்காரர்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

"நான் கள்ளனில்ல! மழையிலயும் வண்டி போயிருக்கி, ஒரு நாளும் ஒரு சிப்பாயையும் பட்டினி போட்டதில்ல. மொதலியார், தொரைட நல்லதுக்குத்தான் செல்றேன். கதவச் சாத்திட்டுக் கேக்கச் செல்லுங்க. அவருக்கு மட்டும் செல்றேன்."

மயில்வாகனம் குரலைத் தாழ்த்தி அதை ஆங்கிலத்தில் சொன்னார். துரையின் அருகே குனிந்து, தன் பங்குக்கும் ஒரு வார்த்தை சேர்த்தார்: "தனியாகக் கேட்பது உத்தமம், ஐயா."

"தனியாகவா? மக்கள் பணம்! மக்கள் முன்னால்தான் கேட்பேன். எல்லாக் கதவையும் திறந்து வையுங்கள்!"

கதவுகள் திறந்தன. வெளியே நின்றவர்களும் உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். கப்டன் இரண்டு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டார்.

டன்மோர் எழுந்து ஹபீலின் எதிரே வந்து நின்றார். மொழிபெயர்ப்பாளரைக் கையால் ஒதுக்கிவிட்டு, ஒரு காலத்தில் தோட்டத்தில் கற்ற தமிழிலேயே கேட்டார்.

"ஏய், பட்டாளம் எங்கே? சொல்லு! எல்லாருக்கும் கேக்கணும், சத்தமா சொல்லு!"

ஹபீல் நானா தொப்பியைச் சரிசெய்துகொண்டார். பத்திரிகைக்காரர்கள் பேனாவை மையில் தோய்த்தார்கள்.

"ஒங்கட தோட்டத்துல காப்பிப்பழம் பறிக்கிறாங்க, தொரை!"